இப்போது விளையாடுபவர்கள்: ஒருவர்

லிஃப்டுக்குள் ஏறிக் கதவு மூடியதும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கூட ஏறியவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள். ஒரு கட்டடத்து மேலாளர், "என்னண்ணே, உங்களுக்கே பயமா?" என்று கேட்டே விட்டார். "கொஞ்சம் சும்மா இருங்க, கதவு பேசுது" என்றார் இவர். கீழே வந்து சேர்வதற்குள், எந்த மாடியில் கதவின் உருளை தேய்ந்திருக்கிறது, எந்த மாடியில் யாரோ பீரோவை ஏற்றுவதற்காகக் கதவை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணைத் திறந்ததும், "நாலாவது மாடியில யாரோ புதுசா குடிவந்திருக்காங்க போல" என்பார். வந்திருப்பார்கள்.

லிஃப்ட் மெக்கானிக். நல்ல குள்ளம், அகலமான தோள். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கதவண்ணன். "லிஃப்ட்ல வர்ற கோளாறுல முக்காவாசி கதவுலதான். மோட்டார் பாவம், அது பாட்டுக்கு உழைக்கும். மனுசன் கை படுற எடம் கதவு" என்று புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வதால் வந்த பெயர்.

மதியச் சாப்பாடு, அன்றைக்கு எந்தக் கட்டடமோ அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் இருக்கும் சின்ன அறையில். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாதான் நாற்காலி. டிபன் டப்பாவைத் திறக்கும் முன் ஃபோனைத் திறப்பார். அதில் ஒரு பக்கம் வரும். நிறைய கட்டங்கள், கோடுகள். அவர் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான். இப்போது விளையாடுபவர்கள்: 1. அதைப் பார்த்த பிறகுதான் கை சாப்பாட்டுக்குப் போகும். "வந்துட்டாரு" என்று மோட்டாரிடம் சொல்லிக்கொள்வார்.

அவர் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்திருக்கிறார் என்பது அவர் பழுது பார்க்கும் கட்டடங்களில் யாருக்கும் தெரியாது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது விட்டுச் சென்ற கம்ப்யூட்டர் அது. தூசி படியாமல் துடைத்து வைப்பதற்காக உட்கார்ந்தவர், அதில் இருந்த ஒரு விளையாட்டைத் திறந்து பார்த்தார். யாரோ சுட்டுக்கொண்டே ஓடினார்கள். ஒரு லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட் கதவு முழுசாக மூடுவதற்கு முன்பே மேலே கிளம்பிவிட்டது. இவர் பதறிப்போய், "ஏம்மா, இங்க வந்து பாரேன், இப்படி ஓடுனா ஆள் காலு போயிடும்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், "அப்போ நீங்களே ஒழுங்கா ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்றார். எரிச்சலில் சொன்னதுதான். இவர் அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

இணையத்தில் பாடம் சொல்லித் தருபவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தலையைப் பிய்த்துக்கொண்டு, சில வருஷங்களில் ஒரு விளையாட்டு உருவாகிவிட்டது. பெயர் "மேலே? கீழே?". ஒரு கட்டடம், ஒரு லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். குடைக்காரர், குழந்தையைத் தூக்கிய தாய், சோபாவோடு நிற்கும் இருவர், எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று மறந்துவிட்ட பெரியவர். யாரையும் ரொம்ப நேரம் காக்க வைக்காமல் ஏற்றி இறக்க வேண்டும். அவ்வளவுதான். காத்திருந்து சலித்தவர்கள் கத்த மாட்டார்கள். பெருமூச்சு விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஏறத் தொடங்குவார்கள். "தோத்துட்டீங்கன்னு ஏன் போடலை?" என்று மகள் கேட்டதற்கு, "நிஜத்துல யாரும்மா அப்படிச் சொல்றாங்க? பேசாம படி ஏறிடுறாங்க. அதுதான் நமக்கு வலிக்கும்" என்றார்.

இணையத்தில் விளையாட்டு விற்கும் கடைகள் உண்டு. பெரிய கடைகளில் நாள் தவறாமல் புதுசு புதுசாக வந்து குவியும். அங்கே வைத்தால் கூட்டத்தில் தொலைந்துபோகும் என்று, தனி ஆட்கள் செய்ததை மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடையில் இவர் தன்னுடையதை வைத்தார். அங்கேயும் தொலைந்துதான் போனது. உறவுக்காரர்கள் மரியாதைக்கு வாங்கி ஒருமுறை திறந்து பார்த்தார்கள். அந்த வரியில் பூஜ்யமே நின்றது. பிறகு ஒரு நாள் மதியம் பூஜ்யம் ஒன்றானது. மறுநாளும் ஒன்று. அப்படியே ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

"உங்க ஒத்தை ரசிகர் நல்லா இருக்காரா?" என்பது வீட்டில் குசலம் விசாரிக்கும் முறையாகிவிட்டது. மனைவி கிண்டலாகத்தான் தொடங்கினார். ஆனால் அவருக்கும் மருந்துக்கடையில் அப்படி ஒருவர் உண்டு. மாதம் தவறாமல் வந்து ஒரே மாத்திரையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர். "பேரு தெரியாது. வரலைன்னா மட்டும் மனசு என்னவோ பண்ணும்" என்றார். அதன் பிறகு கிண்டலில் காரம் குறைந்தது.

மதியத்தில் வந்து விளையாடும் அந்த ஒருவர் யார்? விளையாட்டை விற்கும் கடை அவர் பெயரைச் சொல்லாது. ஆனால் விளையாடுபவர் என்ன செய்தார் என்று ஒரு பதிவு வரும்; எந்தப் பொத்தான், எந்த மாடி, எவ்வளவு நேரம் என்று. லிஃப்டின் மூளையாக இருக்கும் பெட்டியிலும் அதே மாதிரி ஒரு பதிவு உண்டு, அதைப் படிப்பதுதான் இவருக்குத் தினசரி வேலை. ஆகவே இதையும் படித்தார். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒருநாள் பொத்தான்கள் பட்பட்டென்று விழுகின்றன. அதே நாளில் சற்று நேரம் கழித்து, ஒரு பொத்தானுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு யுகம் கழிகிறது. கட்டடத்து ஜனம் மொத்தமும் படி ஏறிப் போய்விடுகிறது. முதல் கட்டடத்தைத் தாண்டி இரண்டாவது கட்டடத்துக்கு அந்த ஆள் போனதே இல்லை. கதவு மூடும் பொத்தானைத் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதே இல்லை.

"சின்னப் புள்ளையா இருக்கும்" என்றார் மனைவி.

"சின்னப் புள்ளை கதவு பொத்தானைத்தான் மொதல்ல அமுக்கும்."

"குடிகாரரோ?"

"மதியத்துலயா? அதுவும் ஞாயித்துக்கிழமை லீவு விட்டு?"

மனைவியின் தம்பி நெட்வொர்க் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்கு வந்தால் மாமாவோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். அவர் பதிவைப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஆளே இல்ல. ஏதோ மிஷின். சும்மா திறந்து திறந்து பாக்குற ப்ரோகிராமா இருக்கும்" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். "மிஷின் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்ணும் மாப்ள. இந்த ஆளு தினமும் புதுசு புதுசா தப்பு பண்ணுது. மனுசன்தான்."

மாப்பிள்ளை வந்தால் பேச்சு எதிர்காலத்துக்குப் போய்விடும். "இனிமே வீட்டுல கம்ப்யூட்டரே வேணாம் மாமா. கேம் எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துல ஓடும். படம் மட்டும் உங்க திரைக்கு வரும். யாரும் கேம் வாங்க மாட்டாங்க. தண்ணிக்குக் கட்டுற மாதிரி மாசாமாசம் கட்டிட்டு எதை வேணா ஆடிக்கலாம்." வேறொருவர் என்றால் தன் கம்ப்யூட்டரையும் தன் விளையாட்டையும் நினைத்து முகம் சுளித்திருப்பார். இவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"அப்போ நான் பொத்தானை அமுக்குனா?"

"அந்தக் கட்டடத்துக்குப் போகும். அங்க லிஃப்ட் நகரும். நகர்ந்த படம் உங்களுக்குத் திரும்பி வரும்."

"அவ்வளவு தூரம் போயிட்டு வர நேரம் ஆகாதா?"

"கண்ணு இமைக்கிறதுக்குள்ள வந்துடும்."

"எங்க கம்பெனிக்காரனும் லிஃப்டைப் பத்தி இதையேதான் சொல்லுவான்."

மாப்பிள்ளை தன் மெல்லிய லேப்டாப்பில் ஒரு கார் பந்தயத்தைப் போட்டுக் காட்டினார். மழை பெய்தது, சாலையில் விளக்குகள் ஒழுகின. அந்த லேப்டாப்பால் முடியவே முடியாத காட்சி. இவர் வாயைப் பிளந்து பார்த்தார். லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தார், சூடே இல்லை. "அப்போ எனக்காக வேற எங்கயோ ஒண்ணு சூடாகிட்டு இருக்கு" என்றார் மெல்ல. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெரிய கட்டடத்துல லிஃப்ட் யாரு பாத்துக்கிறாங்க மாப்ள?" என்று கேட்டார். உள்ளே இருந்து மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அந்த எதிர்காலம் இவர் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு மின்னஞ்சல் வழியாக. லிஃப்டின் கூரைமேல் குந்தியபடி கம்பிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது வந்தது. சின்னக் கடையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. இனிமேல் விளையாட்டைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் வசதி கிடையாது; எல்லாம் அந்தப் பெரிய கட்டடத்திலிருந்து ஓடும். நிறைய பேர் விளையாடும் விளையாட்டுகளை மட்டும் அங்கே கொண்டுபோவார்கள். மற்றவை இந்த மாதத்தோடு சரி. கடைசியில், "தங்கள் படைப்பை எங்களோடு பகிர்ந்ததற்கு நன்றி" என்று ஒரு வரி. இரண்டு முறை படித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டு மிச்சக் கம்பிக்கும் எண்ணெய் பூசினார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப மெனக்கெட்டீங்களே" என்றார் மெதுவாக.

"என்னுது போனாப் போகுது. செஞ்சு பாத்தாச்சு, தெரிஞ்சுக்கிட்டாச்சு. அந்த ஆளு என்ன பண்ணும்?"

மாப்பிள்ளை வந்ததும் முதல் கேள்வி அதுதான். கடை மூடினாலும் அந்த ஆளின் கம்ப்யூட்டரில் இருப்பது இருக்கும்தானே? மாப்பிள்ளை விளையாட்டின் உள்விவரங்களைத் திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இல்ல மாமா. ஒவ்வொரு தடவை திறக்குறப்பவும் இது கடையைக் கேக்குது, இந்த ஆளு வாங்குனவர்தானான்னு. கடை ஆமான்னு சொன்னாத்தான் திறக்கும். கடையே இல்லைன்னா பதில் வராது. அவங்க வீட்டுக்குள்ளயே இருக்கும், ஆனா பூட்டி இருக்கும்."

"அவங்கதான் வாங்கிட்டாங்களே?"

"வாங்கல. விளையாடிக்க அனுமதி வாங்கியிருக்காங்க. அப்படித்தான் எழுதியிருக்கு. யாரு படிச்சுப் பாக்குறா?"

"இந்தப் பூட்டை யாரு போட்டது?"

மாப்பிள்ளை தயங்கினார். "நீங்கதான் மாமா. பாதுகாப்பு வேணுமான்னு கேட்டிருப்பாங்க. வேணும்னு டிக் பண்ணியிருக்கீங்க."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "யாரு திருட வரப்போறாங்கன்னு நெனச்சீங்க?" இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கரண்ட் போச்சுன்னா லிஃப்ட் என்ன பண்ணணும் தெரியுமா? பேட்டரியில மெதுவா பக்கத்து மாடிக்கு வரணும். கதவைத் திறந்துட்டு நிக்கணும். ஆளை உள்ள வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அவிழ்க்கலாமா இந்தப் பூட்டை?"

அவிழ்க்கலாம். கடை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு புதுப்பிப்பு அனுப்பினால், அந்த ஆளின் கம்ப்யூட்டரில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு விளையாட்டு யாரையும் கேட்காமல் திறக்கும். அந்தச் சனிக்கிழமை காலை இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பூட்டை எடுத்தால் ஒரு பக்கம் இடித்தது, அதைச் சரிசெய்தால் இன்னொரு பக்கம் சிக்கியது. மதியத்துக்குள் எல்லாம் ஒழுங்கானது. அப்போதுதான் மாப்பிள்ளைக்கு அது உறைத்தது.

"மாமா, ஒரு விஷயம். விளையாட்டு கடையைக் கேக்குறதாலதான் கடை எண்ணுது. கேக்கலைன்னா எண்ணாது. இதை அனுப்புனதும் உங்களுக்குப் பூஜ்யம்தான் காட்டும். அந்தப் பதிவும் வராது. அவங்க ஆடுறாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியவே தெரியாது."

இவர் ஃபோனை எடுத்து அந்த வரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையே, "பூட்டை அப்படியே விட்டா மாசக் கடைசி வரைக்குமாவது பாத்துட்டு இருக்கலாம்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் பூட்டிக்கும்."

"அப்போ அனுப்பிடலாம்" என்றார். ஆனால் உடனே அனுப்பவில்லை. அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. விளையாட்டுக்குள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்று முடிவு செய்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் யாரும் படித்துத்தானே ஆக வேண்டும்? "பயனாளர்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கினார். மனைவி பின்னால் நின்று படித்துவிட்டு, "கக்கூஸ் ரிப்பேர்னு ஒட்டுற நோட்டீஸ் மாதிரி இருக்கு. பேசுற மாதிரி எழுதுங்க" என்றார். அடித்து அடித்து எழுதிக் கடைசியில் பலகையில் ஏறியது இதுதான்:

"வணக்கம். இதை வித்த கடை மூடப்போகுது. இந்த லிஃப்ட் மூடாது. இந்த விளையாட்டு இருக்குற ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்குங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் திறக்கும். நீங்க யாருன்னு சொன்னா சந்தோஷம். சொல்லலைன்னாலும் ஒண்ணும் இல்ல. இப்படிக்கு, லிஃப்ட் மெக்கானிக்." கீழே அவருடைய ஃபோன் நம்பர்.

அனுப்பும் பொத்தானை மாப்பிள்ளையை அழுத்த விடவில்லை. தானே அழுத்தினார்.

திங்கட்கிழமை மதியம் பெயின்ட் டப்பா மீது உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார். பூஜ்யம். அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடப்பதால் மனசு ஆறிவிடுகிறதா என்ன? செவ்வாயும் பூஜ்யம். அந்த ஆள் புதுப்பிப்பை வாங்கிக்கொண்டதால் வந்த பூஜ்யமா, இல்லை அந்த ஆளே வராததால் வந்த பூஜ்யமா என்று கண்டுபிடிக்க வழி இல்லை. சாப்பாட்டைப் பாதியில் மூடினார். "எண்ணைப் பாக்காம சாப்பிட்டுப் பழகுங்க" என்றார் மனைவி. பழகுவதற்குள் அந்தப் பக்கமே திறக்காமல் போயிற்று. கடை மூடிவிட்டது. ஆனாலும் பழக்க தோஷத்தில் விரல் அந்த இடத்தைத் தொடும். பக்கம் இல்லை என்று வரும். "சரி சரி" என்று மூடி வைப்பார்.

ஃபோன் வந்தது அதற்கப்புறம்தான், அவர் ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி நின்றபோது. பெண் குரல். "லிஃப்ட் மெக்கானிக்குங்களா?"

"ஆமா, சொல்லுங்க. எந்தக் கட்டடம்? உள்ள ஆள் மாட்டியிருக்காங்களா?"

"ஆள் யாரும் மாட்டலைங்க. நான்... அந்த நோட்டீஸ் பாத்தேன்."

"எந்த நோட்டீஸ்?"

"கீழ்த்தளத்துல போட்டிருந்தீங்களே. மேலே, கீழே."

இவர் குழியின் சுவரில் சாய்ந்துகொண்டார். எத்தனையோ கேள்வி சேர்த்து வைத்திருந்தார். அதற்குள் அந்தப் பெண்ணே பேசத் தொடங்கினார். பேச்சில் பயம் இருந்தது. அவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கு விரல்களைப் பழக்கும் சின்ன மையத்தில் வேலை. அங்கே ஒரே கம்ப்யூட்டர். அதில் இந்த விளையாட்டு. "ஒரு தடவைதான் வாங்குனேன் சார். ஆனா எங்ககிட்ட வர்ற எல்லாரும் அதுலயே விளையாடுறாங்க. அது தப்புன்னு தெரியாது. நீங்க நம்பர் போட்டிருந்ததும் கேட்டுடலாம்னு... இத்தனை நாள் தயங்கிட்டே இருந்தேன்."

இவர் கேட்டது ஒன்றுதான். "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

அந்த வாரமே அரைநாள் விடுப்பு போட்டுக்கொண்டு போனார். தரைத்தளத்தில் ஒரு நீண்ட அறை. பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, மேஜைமேல் மரக் குச்சிகள் செருகிய பலகை, பிசைவதற்குப் பச்சை நிறத்தில் மெழுகு உருண்டைகள். ஓரத்தில் கம்ப்யூட்டர். கீபோர்டில் இரண்டு பொத்தான்களுக்கு மேல் பெரிய வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே. கதவு மூடும் பொத்தானின் மேல் ஒரு துண்டு அட்டையை ஒட்டி மறைத்திருந்தார்கள். "விரல் நழுவி அதுல பட்டுடக் கூடாதுன்னுதான் சார். கதவு படக்குனு மூடுனா இவங்க பயந்துடுவாங்க" என்றார் அந்தப் பெண். இளையவர், கையில் எப்போதும் ஒரு துவாலை. மற்ற விளையாட்டுகளை எல்லாம் போட்டுப் பார்த்தாராம். ஒன்று விரட்டுகிறது, இன்னொன்று தோற்றுவிட்டாய் என்று சிவப்பாகக் கத்துகிறது. "இதுல மட்டும்தான் மெதுவா ஆடுனா யாரும் திட்டறதில்ல. பேசாம படி ஏறிடுறாங்க."

வரிசையாக வந்து உட்காருவதைப் பார்த்தார். விரல் நன்றாக விழ ஆரம்பித்துவிட்ட ஒருவர் பட்பட்டென்று அடித்தார். அடுத்தவர் ஒரு பொத்தானுக்கு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். நேரம் முடிந்தவர் எழுந்ததும் அடுத்தவர் முதல் கட்டடத்திலிருந்தே தொடங்கினார். ஒன்று என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த எண்ணுக்குள் இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். "ரெண்டாவது கட்டடத்துக்கு யாருமே போறதில்லையா?" என்றார்.

"கை சரியாகிட்டா வீட்டுக்குப் போயிடுவாங்க சார். அதுதான் எங்களுக்கு ரெண்டாவது கட்டடம்" என்று சிரித்தார் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் தயங்கி, "வீட்டுக்குப் போன பிறகும் சிலர் கேக்குறாங்க. கம்ப்யூட்டர் இருக்காது, ஃபோன்தான் இருக்கும். அதுல வருமா?" என்றார்.

இவர் தாடையைத் தேய்த்தார். மாப்பிள்ளை காட்டிய சூடேறாத லேப்டாப் நினைவுக்கு வந்தது. "எங்க மாப்ள ஒரு பெரிய கட்டடத்தைப் பத்திச் சொல்லிட்டே இருப்பான். அங்க ஓடவிட்டா ஃபோன்லயே வரும்கிறான். போயிட்டு வர்ற நேரம் இவங்க விரலுக்குத் தாங்குமான்னு தெரியலை. தாங்குனா நல்லதுதானே? கேட்டுப் பாக்குறேன். ஆனா அந்தக் கட்டடத்துக்காரன் பூட்டு இல்லாம குடுப்பானான்னும் கேக்கணும்."

அப்போது ஒரு டீச்சரம்மா வந்து அமர்ந்தார். பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். வலது கை மடியில் துணி மூட்டைபோலக் கிடந்தது. அதை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்தார். விளையாட்டைச் செய்தவர் இவர்தான் என்று அறிமுகம் செய்ததும், பாடம் படிக்காமல் வந்த மாணவனைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் கேள்வி கூர்மையாக இருந்தது.

"நீங்கதானா? அந்தக் குடைக்காரர் ஏன் எப்பப் பாத்தாலும் அவசரப்படுறாரு?"

"அவரு எங்க சூப்பர்வைசருங்க."

டீச்சரம்மா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "அப்போ அவரை நிக்க வைக்கலாம். தப்பில்ல."

இவர் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். திரையில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கு வந்து நின்றது. கதவு திறந்தது. குழந்தையைத் தூக்கிய தாய் ஏறினாள். குடைக்காரரும் ஏறினார். இனி மேலே போக வேண்டும். டீச்சரம்மாவின் ஆட்காட்டி விரல் மேஜையிலிருந்து எழுந்தது. நடுங்கியது. காற்றில் எங்கே போவது என்று தெரியாததுபோல நின்றது. மறுபடி பொத்தானைத் தேடிப் புறப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். குடைக்காரர் காலைத் தட்டத் தொடங்கினார்.

பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. இவருடைய வலது கை தானாக உயர்ந்து கீபோர்டை நோக்கிப் பாதி வழி போய்விட்டது. அதைப் பார்த்தார். சத்தமில்லாமல் பின்னால் இழுத்து, தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.